ரத்தம் மலையிறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரத்தத்தில் உள்ள புரதங்களை அளந்து நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது பற்றிப் பேசும்போது, கருவியின் விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ரத்தம் பிடிக்கும் குழாயை யாரும் கவனிப்பதில்லை.

ஏற்காட்டில் எடுக்கும் ரத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி சேலத்துக்கு வருகிறது. ரத்தம் உறைந்தபின் தெளியும் திரவமான சீரத்தைப் பிரிக்காமல் அனுப்பினால் சிவப்பணுக்கள் உடையும். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் ரோஸ்மில்க் நிறத்தில் வந்து நிற்கும். லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் ஆல்புமின் என்ற புரதம் உள்ள திரவத்தில், நானோகிராம் கணக்கில் இருக்கும் ட்ரோபோனினை, அதாவது இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதத்தைத் தேடுகிறோம். இதில் உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினும் கலந்தால் கிடைக்கும் எண்ணை எப்படி நம்புவது?

சீரம் குழாயை ஐந்தாறு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம். அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நன்கு உறைந்தபின் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே சுழற்றினால் உறைதலில் உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத நூல் அளக்கும் கருவியின் ஊசியை அடைக்கும். பிரித்த சீரத்தை மட்டும் வேறு குப்பிக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் அனுப்பலாம். முழு ரத்தத்தை ஐஸில் புதைப்பது தப்பு. சிரிஞ்சிலிருந்து ஊசி வழியே குழாய்க்குள் பீய்ச்சுவதும் அணுக்களை உடைக்கும். இந்தப் பழக்கம் மலையில் மட்டுமல்ல, டவுனிலும் உண்டு.

மலையில் ரத்தம் எடுக்கும் இடங்களுக்கு ஒரு சிறிய சென்ட்ரிஃபியூஜ் தரவும், ரத்தம் எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டையும் சீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்கவும் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வக நுட்பநர்கள் சிலர்,
சேலம்