எட்வினுக்கு, நீ கேட்ட குளவியைப் பற்றி

அன்புள்ள எட்வின்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஆளைக் கொல்லும் ராட்சதக் குளவி என்று பயங்கரமான குரலில் ஒருவர் பேசுகிறாரே, அது ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை, சுற்றிச் சுற்றி இப்போதுதான் மார்த்தாண்டம் வந்து சேர்ந்திருக்கிறது போல. இடம் மட்டும் சரி. நம் மாவட்டம் மாதிரியான எங்கள் வாட்காம் கவுண்டியேதான், கனடா எல்லையை ஒட்டிய பிளெயின் என்கிற ஊர், எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் கொஞ்ச நேரம்தான். நீ கவலைப்பட்டுக் கேட்டதால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: 2024 டிசம்பர் 18 அன்று வாஷிங்டன் மாநில வேளாண் துறையும் மத்திய வேளாண் துறையும் சேர்ந்து, ஆசிய ராட்சதக் குளவி என்கிற இது அமெரிக்காவில் ஒழிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று வருடமாகப் பொறி வைத்துத் தேடியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. எங்கள் தெருவில் அன்று ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொண்டோம்.

முழுக் கதையையும் எழுதுகிறேன், ஏனென்றால் உன் தேன் பெட்டிகளுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

2019இல் முதலில் கனடாவின் வான்கூவர் தீவில், நனைமோ என்ற ஊரில் இதைக் கண்டுபிடித்துக் கூட்டையும் அழித்தார்கள். அந்த டிசம்பரில் பிளெயின் பக்கம் ஒன்று செத்துக் கிடந்தது. மரபணுவைச் சோதித்தபோது நனைமோவில் கிடைத்தது ஜப்பான் குளவியோடும், இங்கே கிடைத்தது கொரியக் குளவியோடும் ஒத்துப்போனது. அதாவது ஒரே வருடத்துக்குள் தனித்தனியாக இரண்டு முறை வந்திருக்கிறது. இணை சேர்ந்த ஒரே ஒரு ராணி, சரக்குக்கு நடுவே ஏதாவது ஒரு இடுக்கில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்தால் போதும், வசந்தத்தில் தனியாளாகக் கூடு கட்ட ஆரம்பித்துவிடும்.

ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த ஒன்றைப் பின்னர் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கூட்டமாக வாழும் குளவிகளில் உலகத்திலேயே பெரிய இனம் இதுதான், ராணி 5 செ.மீ. வரை வளரும். உடம்பைவிட அந்தத் தலைதான் என்னை நிற்க வைத்தது: ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் அகலமான முகம், இரண்டு பக்கமும் கருப்புக் கண், கீழே கத்தரி மாதிரி தாடை. கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்ததும் கூட்டமாக ஒரு தேன் பெட்டியைக் குறிவைக்கும். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தேனீயாகப் பிடித்துத் தலையைத் துண்டித்துப் போடும். சில டஜன் குளவிகள் சேர்ந்தால் சில மணி நேரத்தில் பெட்டியே காலி. அப்புறம் உள்ளே புகுந்து புழுக்களை எடுத்துத் தன் கூட்டிலுள்ள புழுக்களுக்கு ஊட்டும். 2019 நவம்பரில் எங்கள் கவுண்டியிலேயே கஸ்டர் என்ற ஊர்ப் பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஒருவர், பெட்டிக்கு முன்னால் தலையில்லாத தேனீக்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். அது இந்தக் குளவியின் வேலைதான் என்று உறுதியாகவில்லை, ஆனாலும் இங்கே தேனீ வளர்ப்பவர்களுக்கு அதைக் கேட்ட பிறகு தூக்கம் போய்விட்டது. ராஸ்பெர்ரி, புளூபெர்ரி என்று எங்கள் கவுண்டியே மகரந்தச் சேர்க்கையை நம்பிப் பிழைக்கிற இடம்.

2020 மே மாதம், கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பத்திரிகைகள் இதற்கு 'கொலைகாரக் குளவி' என்று பெயர் வைத்தன. எனக்கு இன்னும் அந்தப் பெயர்மீது கோபம்தான். குளவியே வராத மாநிலங்களில்கூட ஜனங்கள் பயந்துபோய், கண்ணில் பட்ட பெரிய ஈக்கள் எல்லாவற்றையும், ஒரு பாவமும் அறியாத வண்டுத்தேனீக்களையும் சேர்த்து, மருந்தடித்துக் கொன்றார்கள். பூச்சியியல் ஆட்கள், படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள், கொல்லாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

அதே ஜனங்கள்தான் பிறகு காப்பாற்றவும் செய்தார்கள் மக்கா, அதையும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு ஜூஸும் அரிசி ஒயினும் கலந்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி மரத்தில் தொங்கவிடச் சொன்னார்கள். நாங்களும் ஒன்று கட்டினோம். வாரா வாரம் அதை இறக்கி வடிகட்ட வேண்டும், ஊறிப்போன ஈயும் விட்டில்பூச்சியும் சின்னக் குளவியுமாக வடிகட்டியில் நிற்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நாம் தேடுவது இல்லை என்றால் இல்லை என்று பதிவு செய்ய வேண்டும். இப்படி மாநிலம் முழுக்க எத்தனையோ வீட்டுக்காரர்கள் சலிக்காமல் செய்தார்கள். இங்கே இதுதான் என்று உறுதி செய்த குளவிகளில் பாதி, பொதுமக்கள் கண்டு சொன்னவைதான்.

குளவி சிக்கினால் போதாது, கூடு வேண்டும். உயிரோடு பிடித்ததன் உடம்பில் சின்ன ரேடியோ கருவியைப் பசையால் ஒட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலால் கட்டிப் பறக்கவிட்டு, பின்னாலேயே போனார்கள். 2020 அக்டோபர் 22 அன்று, பிளெயின் அருகே ஒரு ஆல்டர் மரப் பொந்தில் கூடு கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, தடித்த உடை போட்டுக்கொண்டு, மரத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வாக்குவம் குழாயால் குளவிகளை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்தை வெட்டித் திறந்து பார்த்தால் புழு, கூட்டுப்புழு எல்லாம் சேர்த்து 500 போல, அதில் கிட்டத்தட்ட 200 ராணிகள். சரியான நேரத்தில் பிடித்தோம் என்று அந்த வேலையை நடத்திய ஸ்வென் ஸ்பிச்சிகர் சொன்னார். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அத்தனையும் வெளியே பறந்திருக்கும். 2021இல் இன்னும் மூன்று கூடுகள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இனி உன் விஷயம். போன கடிதத்தில் நாட்டுத் தேனீயை விட்டுவிட்டு முழுக்க இத்தாலியத் தேனீக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய், தேன் அதிகம் கிடைக்கும் என்று. இங்கே இருப்பதும் அதே இத்தாலியத் தேனீ வகைதான். ஆசியக் குளவியோடு சேர்ந்து வாழ்ந்த பழக்கமே இல்லாததால் அது ஒவ்வொன்றாக எதிரே போய்ச் சாகும். ஜப்பானின் நாட்டுத் தேனீயும் உன் பெட்டியில் இருக்கிற நாட்டுத் தேனீயும் ஒரே இனம். ஜப்பான் தேனீ என்ன செய்கிறது தெரியுமா, குளவி உள்ளே வந்ததும் நூற்றுக்கணக்கில் மேலே விழுந்து உருண்டையாக மூடி, இறக்கைத் தசையை நடுக்கிச் சூடேற்றும். உருண்டைக்குள் 46 டிகிரி தாண்டும். குளவி வெந்து சாகும், தேனீ இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், பிழைத்துக்கொள்ளும். உன் பெட்டி வாசலில் நம் ஊர்ப் பெரிய குளவியான கதண்டை மூடிக்கொண்டு தேனீக்கள் கொத்தாகக் கிடந்ததைப் பார்த்ததாக நீ ஒருமுறை சொன்னாயே, அது இதுதான். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் நோய் வந்து நம் பக்கம் பெட்டி பெட்டியாக அழிந்தபோது உன் அப்பா பட்ட பாடு எனக்கும் நினைவிருக்கிறது, நாட்டுத் தேனீ எல்லாவற்றையும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழுக்கக் கைவிடாதே. பாதியாவது வைத்துக்கொள். இத்தாலியத் தேனீ வாங்கினால் மழைக்குப் பிறகு கதண்டு வரும் காலத்தில் வாசலைச் சின்னதாக்கி, தினமும் போய்ப் பார்.

இங்கே நாங்கள் நிம்மதியாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. 2023இல் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா துறைமுகப் பக்கம், மஞ்சள் கால் குளவி என்று இன்னொன்று கிடைத்தது. பிரான்சில் 2004இல் வந்து ஐரோப்பாவில் பெரும்பகுதியில் பரவிய அதே இனம். ஜார்ஜியாவில் இன்னும் கூடு தேடி அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் நம்மைப்போல வீட்டுக்கு வீடு பார்த்துச் சொல்கிற ஆட்கள் கிடைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சாந்திக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, நடைக்குப் போகிறாள். உங்கள் பக்கம் ரப்பர் இலை உதிர ஆரம்பித்திருக்கும். தளிர் விட்டதும் இந்த வருடம் தேன் எப்படி வருகிறது, இத்தாலியத் தேனீ விஷயத்தில் என்ன முடிவு செய்தாய், இரண்டையும் எழுது. ஜெசிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராஜன்