கூரையில் பாறு, முற்றத்தில் சில்லை

பிரிக்காமா, காம்பியா
ஏப்ரல் 20

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் கல்யாணப் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. மருமகளை மணக்கோலத்தில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நேரில் வந்து நிற்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளைப் பையன் முகத்தில் நல்ல களை இருக்கிறது. ஊருக்கு வந்ததும் இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறேன், தங்கச்சியிடம் சொல்லிவை.

இங்கே முந்திரி சீசன் உச்சத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கிடங்குக்குப் போனால் எடை பார்ப்பது, ஈரப்பதம் பார்ப்பது, கொட்டையை வெட்டி எவ்வளவு பருப்பு தேறும் என்று அவுட்டர்ன் கணக்குப் போடுவது என்று மதியம் வரை தலை நிமிர முடியாது. பண்ருட்டியில் பெண்கள் உட்கார்ந்து உடைக்கிற கொட்டையில் எவ்வளவு இந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் வருகிறது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். அந்த நேரமெல்லாம் பறவைக்குத்தான்.

"அங்கே பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். என் அறை வாசலிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே வீடுகள் சுற்றுச்சுவருக்குள் ஒரு பெரிய முற்றத்தைச் சுற்றி இருக்கின்றன. நடுவில் ஒரு மாமரம், அடியில் பெண்கள் அரிசி புடைக்கும் இடம். சிந்துகிற நொய்க்கு ஒரு சின்னக் குருவி வருகிறது. நம் ஊர்த் தினைக்குருவி அளவுதான். ஆண் உடம்பெல்லாம் மங்கிய குங்குமச் சிவப்பு, அலகும் சிவப்பு. பெண் மண் நிறம். ஃபயர்பின்ச் என்கிறார்கள். நம் சில்லைகளின் குடும்பம்தான், அதனால் நான் தீச்சில்லை என்று பெயர் வைத்துவிட்டேன். மனிதர் காலடியிலேயே மேய்கிறது, துடைப்பத்தை ஓங்கினால்கூட இரண்டடி தள்ளிப்போய் உட்காருகிறது. கூடவே இன்னொன்றும் வரும். கன்னத்தில் செம்புள்ளி, வயிறு ஆகாய நீலம். முதல் நாள் அதைப் பார்த்தபோது யாரோ வளர்த்த கூண்டுக்குருவி தப்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு நாளில் தெரிந்தது, இந்த ஊரில் அது நம் சிட்டுக்குருவி மாதிரி!

தீச்சில்லையைப் பற்றி உனக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். இதன் கூட்டில் வேறொரு குருவி முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. நம் குயிலும் காக்கையும் போல என்று நினைப்பாய். ஆனால் குயில் குஞ்சு வளர்ந்ததும் குயிலாகத்தான் கூவும். இந்தக் குருவியின் ஆண், தான் வளர்ந்த வீட்டின் பாட்டைக் கற்றுக்கொண்டு, பெரிதானதும் தீச்சில்லையின் பாட்டையே பாடுகிறது. அப்படித் தீச்சில்லை வீட்டில் வளர்ந்த பெண் குருவிக்கு அந்தப் பாட்டுத்தான் பிடிக்கும். ஜோடி சேர்ந்து அது மறுபடி தீச்சில்லையின் கூட்டையே தேடிப் போகும். இன்னொரு வேடிக்கை, சில வகைக் குயில்களின் குஞ்சு கூட்டில் மற்றதை வெளியே தள்ளிவிடுமே, அந்த அட்டூழியம் எதுவும் இதற்குக் கிடையாது. தீச்சில்லைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. இண்டிகோ என்ற பெயர் அதற்கு. நம் பக்கத்து அவுரியை நினைத்து அவுரிக்குருவி என்று எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஆண் கருநீலமாக மின்னுமாம். இப்போது கோடையில் ஆணும் பெண்ணும் கோடு விழுந்த பழுப்பு நிறம். என் முற்றத்துக் கூட்டத்தில் அப்படி மூன்று நான்கு இருக்கின்றன. எது எதுவென்று தெரியாமல் தினமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாடு ரொம்பச் சின்னது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சின்ன நாடு இல்லை. நம் கடலூர் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு, அவ்வளவுதான். காம்பியா ஆற்றின் இரண்டு கரையும் சேர்ந்தால் அதுதான் நாடு. கடல் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் செனகல். இந்தக் குறுகலான இடத்தில் ஏறத்தாழ 600 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடற்கரை, அலையாத்திக் காடு, ஆறு, வயல், வறண்ட புல்வெளி எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பது ஒரு காரணம். ஐரோப்பாவிலிருந்து சகாரா பாலைவனத்தைத் தாண்டி வலசை வருகிறவை வந்து இறங்குகிற பசுமை இது என்பது இன்னொன்று.

பனை மரம் இங்கேயும் உண்டு மாப்ளே! நம் பனைக்கு ஆப்பிரிக்க அண்ணன் என்று சொல்லலாம், நடுவில் கொஞ்சம் வயிறு வைத்த மாதிரி பருத்திருக்கும். வீடு கட்டும் விட்டத்துக்கு அதைத்தான் வெட்டுகிறார்கள். ஒருநாள் சாலையோரம் அந்தப் பனையைப் பார்த்து நின்றேன். ஓலையைச் சுற்றிப் பனை உழவாரன் கூட்டம் பறக்கிறது, உச்சியில் பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊர்ப் பனங்காடைக்குத் தலையும் மார்பும் வெண்ணெய் நிறம், வயிறு கருநீலம். பறக்கும்போது சிறகு விரிந்தால் நம்முடையதைப் போலவே நீலம் கொட்டுகிறது. அதற்கும் பனைதான் பிடித்த இடம். இவ்வளவு தூரத்தில் அந்தப் பெயர் அப்படியே பொருந்தியதைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

சில பறவைகள் ஒரு மாற்றமும் இல்லாமல் நம் பறவைகளேதான். பச்சைக்கிளி, சின்னத் தவிட்டுப்புறா, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, நெடுங்கால் உள்ளான். காக்கை மட்டும் வெள்ளை பனியன் போட்ட மாதிரி மார்பு வெளுத்திருக்கும். செண்பகம் கொஞ்சம் வேறு இனம், குரல் அதே 'பூப் பூப்'. ஆட்டு முதுகில் நம் ஊரில் கரிச்சான் உட்காருமே, இங்கே நீண்ட வால் வைத்த ஒரு கறுப்புக் காக்கை இனம் கும்பலாகச் சவாரி செய்கிறது. வாழைப்பழம் தின்னி என்று பெயர் வைத்த ஒரு சாம்பல் பறவை இருக்கிறது. அது வாழைப்பழத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அத்திப்பழமும் இளந்தளிரும்தான் தின்கிறது. காலையில் அது சிரிக்கிற சிரிப்பில்தான் நான் எழுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டு பாலத்துக்குப் போவேன். கடற்கரை விடுதிகள் இருக்கிற பக்கம். 1965-இல் சுவீடனிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டத்தோடுதான் இந்த நாட்டுக்குச் சுற்றுலா ஆரம்பித்தது. வெயில் காயத்தான் வந்தார்கள், அப்புறம் அவர்களில் ஒரு பகுதியினர் பைனாகுலரோடு வர ஆரம்பித்தார்கள். இன்று பறவை காட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் உள்ளூர் ஆட்கள் அந்தப் பாலத்தடியில் காத்திருப்பார்கள். பாலத்துக் கம்பியில் கறுப்பு வெள்ளை மீன்கொத்திகள் வரிசையாக இருக்கும். கீழே சேற்றில் கரைக்கொக்கு, கண்கள் பெருத்த ஒரு கண்கிலேடி, ஆள்காட்டியில் இரண்டு வகை. நான் சேர்ந்து நடக்கிறவர் நம் வயதுக்காரர். சின்ன வயதில் மாடு மேய்க்கும்போது பார்த்துப் பழகியதாம். நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவர் குரலை வைத்தே ஆறு பறவை சொல்லிவிடுவார். நடை முடிந்ததும் அட்டாயா போடுவார். கரியடுப்பில் பச்சைத் தேயிலையைச் சுண்டக் காய்ச்சி, ஒரே இலையில் மூன்று முறை ஊற்றித் தருவது. முதல் கிளாஸ் கசப்பு, மூன்றாவது தித்திப்பு. மூன்றும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எழுந்தால் மரியாதை இல்லை.

அவர்தான் என்னை அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போனார். பிச்சாவரத்தில் நீயும் நானும் துடுப்புப் போட்டு வழிதவறினோமே, அந்த ஞாபகம்தான். அதே சுரபுன்னையின் இனம், அதே முட்டுவேர்கள். வேரில் ஒட்டிய சிப்பியைப் பெண்கள் கத்தியால் கொத்தி எடுக்கிறார்கள். ஒரு பட்ட மரத்தில் விராலடிப்பான், அந்த மீன்பிடிக் கழுகு, இருந்தது. பெரியவை எல்லாம் ஸ்காட்லாந்து பக்கம் கூடு கட்டப் போய்விட்டன. இது சின்னது, முதல் வருஷம் பிறந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும் என்றார்.

அபுகோ காட்டையும் பார்த்தேன். 105 ஹெக்டேர்தான், நடந்தால் இரண்டு மணி நேரம். 1967-இல் பன்றிகளைத் தூக்கிப்போன சிறுத்தையைச் சுடச் சொல்லி வனத்துறை அதிகாரி எட்டி புரூவரை அழைத்திருக்கிறார்கள். போனவர் அந்தக் காட்டைப் பார்த்துவிட்டு, சுடுவதை விட்டு, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் போய் நின்றார். அடுத்த வருஷமே அது காப்பகம் ஆனது. அங்கே ஊதா நிறத்தில் ஒரு பெரிய பறவை, டுராக்கோ. கிளையில் இருக்கும்போது கறுப்பாகத்தான் தெரியும், பறந்தால் சிறகு ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புச் சாயத்தில் செம்பு இருக்கிறது, நிஜமான செம்பு! இறகில் செம்பு சேர்த்து வைக்கிற பறவை என்று கேட்டதிலிருந்து அந்தப் பக்கம் போனால் அண்ணாந்தபடியேதான் நடக்கிறேன்.

பிப்ரவரியில் லீவு போட்டு ஆற்றின் மேல்பக்கம் போனோம். பான்சாங் ஊருக்கு வெளியே மண் எடுத்த பள்ளம், அந்தச் செங்குத்துச் சுவர் முழுக்கப் பொந்து, பொந்துக்குப் பொந்து செந்தொண்டைப் பஞ்சுருட்டான். முதலைப் பல்லைக் குத்தும் என்று கதை சொல்வார்களே, அந்தப் பறவையைக் காவூர் ஏரிக்கரையில் தேடினேன். அது முட்டையை மணலில் புதைத்து, வயிற்றை நீரில் நனைத்து வந்து குளிர்விக்கும். அன்றைக்குக் கிடைக்கவில்லை.

சரி, நான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தது பாறுவைப் பற்றித்தான், ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அது.

1984-இல் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் திருக்கழுக்குன்றம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். பாறையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருக்க, மஞ்சள் முகத்தோடு இரண்டு வந்து இறங்கின. காசியில் குளித்துவிட்டு ராமேசுவரம் போகிற வழியில் வருகின்றன என்றார் வாத்தியார். நீ வாயைப் பிளந்தபடி நின்றாய். அப்புறம் அவை வருவது நின்றே போனது. கெடிலத்தங்கரையில் செத்த மாட்டைச் சுற்றி வட்டமிட்ட பெரிய பாறுகளும் நாம் காலேஜ் முடிப்பதற்குள் காணாமல் போயின. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற அவற்றின் சிறுநீரகத்தை அழித்தது என்று கண்டுபிடித்து, 2006-இல் நம் அரசு தடை செய்தபோது வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதம் அழிந்திருந்தன. இப்போது தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமென்றால் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும்.

இங்கே நான் இறங்கிய முதல் நாள் காலை, பிரிக்காமா சந்தைக் கூரையில் எண்ணினேன். நாற்பத்திரண்டு. இறைச்சிக் கடைத் தகரத்தில், மசூதிச் சுவரில், மின் கம்பத்தில், குப்பை மேட்டில் கோழிகளோடு கோழியாக. சின்னப் பாறுதான், பழுப்பு உடம்பு, தலையில் பஞ்சு முக்காடு. அதனால் முக்காட்டுப் பாறு என்கிறேன். முகம் வெளிறிய ரோஜா நிறம், சண்டை வந்தால் அப்படியே சிவந்துவிடும். கறிக்கடைக்காரர் கழிவை வீசுகிறார், அது நடந்து வந்து எடுத்துக்கொள்கிறது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் கைப்பையோடு நடுச்சந்தையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். மீன் விற்கிற அம்மா ஒருவர், யாரோ என் பணத்தை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இதே பறவையை 2015-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவின் மற்ற இடங்களில் அப்படிக் குறைந்திருக்கிறது. விஷம் ஒரு காரணம். மந்திரம், மருந்து என்று தலைக்காகவும் உறுப்புக்காகவும் கொல்வது இன்னொன்று. 2020-இல் தெற்கே கினி-பிசாவில் விஷம் வைத்து 2,000-க்கும் மேல் செத்தன, பலவற்றுக்குத் தலை இல்லை. அந்த நாடு இங்கிருந்து ஒரு நாள் பயணம்தான். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும் பறவை இது, இரண்டாயிரம் போனால் எப்போது திரும்பும்? பாலத்தடி நண்பரிடம் நம் ஊர்க் கதையைச் சொன்னேன். மூன்றாவது கிளாஸ் ஆறும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "உங்களிடமும் இப்படித்தான் கூரைக்குக் கூரை இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்போது யாராவது எண்ணி வைத்தார்களா என்றார். நாம் எண்ணவில்லையே மாப்ளே. இத்தனை வருஷம் ஏரி ஏரியாக அலைந்து வாத்தை எண்ணினோம், தலைக்கு மேல் இருந்ததை எண்ணவில்லை.

அதனால் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் நானும் அவரும் அதே சந்தையில் அதே நேரத்தில் எண்ணி ஒரு நோட்டில் எழுதுகிறோம். நான் கிளம்பிய பிறகும் அவர் எழுதுவார். கறிக்கடைக்காரர் பையன் ஒருவனும் சேர்ந்திருக்கிறான். நம்மைவிட வேகமாக எண்ணுகிறான்.

உன்னிடம் ஒரு வேலை. என் வீட்டு அலமாரியில் பழைய குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன, உன் அத்தையம்மாவிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1985 முதல் 1995 வரை உள்ளதில் எங்காவது பாறு என்று ஒரு வரி எழுதியிருக்கிறோமா பார். தேதியும் இடமும் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. உன் நோட்டுகளையும் பார்.

ஜூனில் வேலை முடிகிறது. ஆனால் டிக்கெட்டை ஜூலை கடைசிக்கு மாற்றிவிட்டேன். ஜூனில் மழை ஆரம்பித்து, அப்புறம் கொஞ்ச நாளில் முற்றத்துப் பழுப்புக் குருவிகளில் எது நீலமாகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

என்றும் உன்,
மாப்ளே