கவினைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முன்

அன்புள்ள கோமதி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

கவின் கணக்கு நோட்டெல்லாம் படக்கதை வரைகிறான், டீச்சரிடம் திட்டு வாங்குகிறான், பேசாமல் வீட்டிலேயே படிக்க வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தலாம். ஆனால் பள்ளியில் எது அவனைப் படுத்துகிறது என்று முதலில் பார். என் கணக்கில் அது பாடம் இல்லை. நேரத்தைத் துண்டு போடுவதும், செய்வதற்கெல்லாம் மதிப்பெண் போடுவதும்தான். படக்கதை வரைகிறவனுக்கு முதல் அரைமணி நேரம் கிறுக்குவதிலேயே போகும். கதை பிடிபடும்போது பீரியட் மணி அடித்துவிடும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பையும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார்.

மதிப்பெண்ணின் சேதம் இதைவிட நுட்பமானது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள், ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைகிற 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. இது வீட்டுக்கும் பொருந்தும். உன் வீட்டுக்காரர் அவன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவனிடமே காட்டுகிறார் இல்லையா, அதை நிறுத்தச் சொல்.

வீட்டில் படிக்க நாள் முழுக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டமே 1 முதல் 5 வகுப்புக்கு 200 நாள், 800 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. நாளுக்கு 4 மணி நேரம். வருகைப்பதிவு, வரிசை, நோட்டுத் திருத்தம் எல்லாம் கழிந்தால் ஒரு பிள்ளைக்கு 2 மணி நேரம் தாராளம். காலையிலேயே கணக்கும் மொழிகளும் முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது, சாப்பிடக்கூட. அந்த நேரத்தில் கீபோர்டு வகுப்பு, அபாகஸ் என்று நிரப்பினால் பள்ளிக்கே அனுப்பியிருக்கலாம். முதல் சில வாரம் ஒன்றும் செய்யாமல் சுருண்டு கிடப்பான். பெரும்பாலான பெற்றோர் அங்கேதான் பயந்துபோய்ச் சுவரில் டைம்டேபிள் ஒட்டுகிறார்கள்.

வீட்டில் கிடைக்காத ஒன்று உண்டு. பெரியவர்கள் எதை வரைந்தாலும் சூப்பர் என்பார்கள். 'இதுல யாரு வில்லன், புரியலடா' என்று சொல்ல பெஞ்சில் பக்கத்தில் ஒருவன் வேண்டும். வீட்டில் படித்தால், வாரத்தில் சில மாலைகளாவது நாலைந்து பிள்ளைகள் கூடும் இடத்தை நீதான் தேட வேண்டும். இன்னொன்று பின்னம், வகுத்தல். ஆர்வம் வரும்போது படிக்கட்டும் என்று விட்டால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உட்காரும்போது விழி பிதுங்கும்.

அந்தத் தேர்வுக்கு வழி இருக்கிறது. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத மத்திய அரசு நடத்தும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், தமிழ் வழியிலும். ஒரு மொழியாவது சேர்த்து 5 பாடம். ஓவியமும் ஒரு பாடம். பதிவு 5 வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். மாநிலப் பாடத்திட்டம்தான் வேண்டுமென்றால் தனித்தேர்வராக எழுத 14½ வயது ஆக வேண்டும். மேற்கொண்டு எங்கே படிக்கப்போகிறான் என்று தெரிந்ததும், அந்தக் கல்லூரியில் எந்தச் சான்றிதழ் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

மாமனார் போலீஸ் வரும் என்று பயமுறுத்துகிறாராமே! பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று சட்டம் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று சொல்லவில்லை. 14 வயதுக்குள் திரும்ப வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் தனியார் பள்ளிகள் இழுத்தடிக்கும். அதனால் டி.சி. வாங்க அவசரப்படாதே.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் பள்ளியை விட்டுவை, டியூஷனை நிறுத்து. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு மாலை 5 மணி முதல் 7 மணி வரை டியூஷன் எதற்கு? அவனுக்கு வேண்டிய இரண்டு மணி நேரம் அங்கேதான் போகிறது. கோடை விடுமுறை வரை அப்படி ஓடட்டும். காலை இரண்டு மணி நேரப் பாடத்தை விடுமுறையில் நீயே எடுத்துப் பார். ஆபீசுக்கும் போய்க்கொண்டு உன்னால் தாங்க முடிகிறதா என்று அப்போது தெரியும். அப்புறம் எழுது.

அன்புடன்,
வசந்தா