ஞாயிறு காலை எட்டரை மணி யாருக்கு வசதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்றைய வாலிபர்களுக்குத் தேவபயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நரைத்த தலைகளைத்தான் காணக் கிடைக்கிறது, எல்லாம் இந்தப் போன் செய்த வேலை என்று உங்கள் வாசகர் ஒருவர் ஆதங்கப்பட்டு எழுதியிருந்தார். அவரோடு சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. கொழும்பு 13இல் ஒரு சிறிய சபையில் வாலிபர் ஊழியம் செய்கிறவன் நான், அவர் பார்க்கிற அதே வெறும் வாங்குகளைத்தான் நானும் பார்க்கிறேன். ஆனால் பழியைப் போனின் தலையில் போட்டுவிட்டு அவர் எழும்பிப் போனதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருதரம் தேடிப் பார்த்திருந்தால் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும்.

பாதிப் பேர் டியூஷனில். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம் என்பதால் பதினோராம் ஆண்டு வரை பெற்றோரே பிள்ளையை ஞாயிறு பாடசாலைக்குக் கூட்டி வருவார்கள். பரீட்சை முடிந்து கிறிஸ்தவத்தில் ஏ வந்ததும் அதே பெற்றோர் உயர்தர வகுப்புக்குக் காசு கட்டிவிட்டு, பிள்ளையின் ரிசல்ட்டுக்காக ஜெபிக்கச் சொல்லி எங்களிடம் தனியாக வந்து நிற்பார்கள். அதற்குப் பிள்ளையைக் கோபித்து என்ன செய்வது?

இன்னும் கொஞ்சப் பேர் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஞாயிறு பகல் பல வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை, ஓடர் குவியும் நாள் அது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு ஓடி வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்ட பிள்ளைகள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். சிலர் உயர்தரத்தை அப்போது பாதியில் விட்டவர்கள், திரும்பிப் போகவேயில்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போய் நாம் பிரியாணிக்குச் சொல்கிறோமே, கேற்றடியில் ஹெல்மெட்டோடு நின்று அதை நீட்டுகிறவனின் முகத்தை ஒருதரம் பார்த்தால் நம்முடைய ஒலிவ மலை நாடகத்தில் பேதுருவாக நடித்தவனாகக்கூட இருப்பான்.

அப்புறம் யாருடைய கணக்கிலும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. ஹட்டன், பண்டாரவளை, பசறைப் பக்கமிருந்து வந்து புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கும் மலையகப் பையன்கள். பலர் கடைக்கு மேல்மாடியிலேயே, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். இவர்களில் ஒருவன், தோட்டத்துச் சபையில் தபேலா வாசித்தவன், ஊரில் கிறிஸ்மஸ் கெரல் பவனிக்கு அவன் இல்லாமல் முடியாதாம். கொழும்புக்கு வந்த புதிதில் எங்கள் ஆராதனைக்கு வந்தான். இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சேர்ட், முதல்நாள் இரவு கடை மூடியபிறகு கழுவிப் போட்டது, காலர் ஈரமாகவே இருந்தது. வாசலில் நின்ற பெரியவர் அன்பாகத்தான் கேட்டார், "தம்பி எந்தச் சபை? யாருடைய மகன்?" என்று. கொழும்பில் யாருடைய மகன் என்று அவன் என்னத்தைச் சொல்வான்? கடைசி வாங்கில் இருந்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு முன்னமே எழும்பிப் போய்விட்டான். கெட்ட மனதோடு யாரும் அவனைத் துரத்தவில்லை, ஆனாலும் அவன் அடுத்த வாரம் வரவில்லை.

வாலிபர்களுக்குத் தேடலே இல்லை என்று சொல்பவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பார்க்கட்டும். கடை யூனிபோமோடும் தோளில் பாக்கோடும் எத்தனை இளசுகள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்! கத்தோலிக்கர் மட்டுமில்லை, இந்துக்கள், பௌத்தர்கள், எங்கள் சபைப் பிள்ளைகளும்தான் (இது எங்கள் மூப்பர்களில் சிலருக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும்). அந்தப் பிள்ளைகள் அங்கே போவதற்கு ஒரு காரணம், வேலைக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ ஐந்து நிமிடம் நிற்கலாம், யாருடைய மகன் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. புதன்கிழமை இரவு ஒன்பதரைக்கு, கடைகள் மூடியபிறகு, சபை மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். பிளேன்டி, மீன் பணிஸ், இரண்டு மூன்று பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு கதை. ஜெபக் குறிப்புகளைக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தருவார்கள்: குவைத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஒப்பந்தம் முடிகிறது, ஜப்பான் மொழிப் பரீட்சை, சீட்டுக் காசு, தங்கச்சியின் கல்யாணம், விசா, விசா, விசா. ஊழியக்காரன் என்று பார்த்தால் நான் பாதி நேரம் குடிவரவுத் திணைக்களத்துக்காகத்தான் ஜெபிக்கிறேன்.

சில இரவுகளில் பேச்சு 2019க்குப் போய்விடும். உயிர்த்த ஞாயிறன்று அதே கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்தபோது பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள்தான் இன்று மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்துப்போனார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள், ஆண்டவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். காலை ஆராதனையில் எழும்பி நின்று இதைக் கேட்க முடியுமா? இரவு பத்து மணிக்கு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு கேட்கலாம். எனக்குப் பதில் தெரியாது என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னபிறகுதான் மற்ற விஷயங்களையும் கதைக்கத் தொடங்குகிறார்கள்.

ஞாயிறு கர்த்தருடைய நாள், அதை விட்டுவிட்டுப் புதன் இரவு கூடுவது என்ன ஒழுங்கு என்று எங்கள் சபையிலேயே கேள்வி வந்தது. ஞாயிறை நாங்கள் விடவில்லை. ஆனால் காலை எட்டரை என்பதும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. அந்தக் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21க்கு அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்திலிருந்து தொலைக்காட்சியில் திருப்பலி நிறைவேற்றினார், நாடே வீட்டிலிருந்து பார்த்தது. அடுத்த வருடம் கொரோனா வந்தது, இப்போது திட்டு வாங்கும் அதே போனில்தான் எல்லாரும் ஆராதித்தோம். நமக்குத் தேவை வந்தபோது மாறினோம், அந்தப் பையன்களுக்குத் தேவை வரும்போது மட்டும் ஒழுங்கு ஞாபகம் வருகிறது.

ரோம சாம்ராஜ்யத்தில் ஞாயிறை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டது கொன்ஸ்தந்தைன் பேரரசன், 321இல். அதுவரை கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான், அடிமைகளும் கூலிக்காரரும் விடிய முன்னமோ இருட்டியபிறகோதான் கூடியிருக்க முடியும். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். துரோவாவில் இரவுக் கூட்டம், மேல்வீட்டில் நிறைய விளக்குகள், பவுல் நடு இரவு வரை பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போகிறார், ஜன்னலில் இருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்விட்டான். அவன் பகல் முழுக்க எங்கே வேலை செய்துவிட்டு வந்தானோ, வேதத்தில் இல்லை. ஆனால் பவுல் இந்தக் காலத்து வாலிபர்கள் என்று தொடங்கவில்லை, இறங்கிப் போய் அவனைக் கட்டிக்கொண்டார், இவனுக்கு உயிர் இருக்கிறது என்றார், பிறகு மேலே வந்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டு விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் புதன் கூட்டத்திலும் தூங்குகிறவர்கள் உண்டு, காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்த கால்கள். தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன். மண்டபம் கீழ்மாடியில்தான், பயமில்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதை எழுதினால் சபையில் சிலருக்கு என்மேல் கோபம் வரும். ஞாயிறு காலை முன்வாங்கில் குடும்பத்தோடு இருந்து மனமுருகிப் பாடுகிற சில முதலாளிமாரின் கடைகள் அதே நேரம் திறந்திருக்கின்றன. கல்லாவில் ஒருவன், தராசடியில் ஒருவன், இரண்டு பேரும் தோட்டத்துச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் மாதத்தில் ஒரு அரை நாளுக்கே கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று சொல்லும் பையன்களை நான் புதன்தோறும் காண்கிறேன். வாலிபர்கள் வரவில்லை என்று சபைக் கூட்டத்தில் கவலைப்படுகிற முதலாளிமார் முதலில் அந்தச் சட்டம் சொல்வதைக் கொடுத்துவிடட்டும். அதற்குமேல் விருப்பமிருந்தால், முறை வைத்து ஆளுக்கொரு ஞாயிறு, கடையில் நிற்பவனையும் உங்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள், பின்வாங்கில் விடாமல் உங்கள் பக்கத்திலேயே இருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலிபர் ஊழியர் ஒருவர்,
கொழும்பு 13