அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் இருக்கும் குவோங் வாய் ஷியூ மருத்துவமனையின் தாதியர், பராமரிப்பு ஊழியர்கள், சமையலறையில் வேலை செய்பவர்கள், மருத்துவச் சமூக சேவகர், தொண்டூழியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் அம்மா கடைசி சில ஆண்டுகள் உங்கள் தாதிமை இல்லத்தில்தான் இருந்தார். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய துணிமணியை வாங்கிக்கொள்ள வந்த அன்று உங்களில் பாதிப் பேர் வேறு ஷிஃப்டில் இருந்தீர்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் பார்த்தே இராதவர்களுக்கு. நீங்கள் நிற்கும் அந்த இடத்தில் முன்பு டான் டோக் செங் மருத்துவமனை இருந்தது. 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டி, ஏழை நோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் வந்து, 1909இல் மோல்மீன் சாலைக்குப் போய்விட்டது. காலியான இடத்தைக் கான்டனீஸ் மொழி பேசும் சீன வணிகர்கள் சிலர் அரசாங்கத்திடம் பெயரளவு வாடகைக்குக் கேட்டு வாங்கி, 1910இல் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார்கள். ஜொகூரில் பெரிய குத்தகைக்காரராக இருந்த வோங் ஆ ஃபூக் அவர்களில் ஒருவர். குவாங்சோ, ஹுய்சோ, சாவ்சிங் என்ற மூன்று ஊர்ப்பகுதிகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்காகத்தான் கட்டினார்கள். மருத்துவமனையின் பெயரே அந்த மூன்று ஊர்களின் முதலெழுத்துதான்.

அன்றைய சிங்கப்பூரில் ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களைத் தானே பார்த்துக்கொண்டது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தொழிலாளி வயதாகிப் படுத்தால் யார் பார்ப்பது? சைனாடவுனில் சேகோ லேன் என்று ஒரு தெரு. சாகப்போகிறவர்கள் கடைசி நாள்களைக் கழிக்க அங்கே தனி வீடுகளே இருந்தன. 1961இல்தான் அவற்றுக்குத் தடை வந்தது. அந்த நிலைமையில் நம்மவர் ஒருவர் அநாதையாகச் சாகக்கூடாது என்று நினைத்தவர்கள்தான் இப்படிப்பட்ட இடங்களைக் கட்டினார்கள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் 1935இல் இங்கே வந்தார்கள். மலையாளிகள் 1948இல் ஸ்ரீ நாராயண மிஷனைத் தொடங்கினார்கள். யீஷூனில் இருக்கும் அவர்கள் இல்லத்தில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள்.

தன் ஊர்க்காரனுக்குக் கொடுப்பது பெரிய காரியம்தான். அதைவிடப் பெரியது, தன் ஊர்க்காரனுக்கென்று கட்டிய வீட்டின் கதவை அடுத்தவனுக்கும் திறந்துவிடுவது. உங்கள் மருத்துவமனை பின்னாளில் இனம், மதம், மொழி பார்க்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. அந்த முடிவை எடுத்த நிர்வாகக் குழுவினரில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்களோ! அவர்கள் அப்படி முடிவெடுத்ததால்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நகராட்சித் தொழிலாளியின் மகளுக்கு அங்கே ஒரு கட்டில் கிடைத்தது.

அம்மா வளர்ந்தது அந்த வட்டாரம்தான். பெருமாள் கோயிலில் தைப்பூசக் காவடி புறப்படுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். பக்கவாதம் வந்து, மறதிநோயும் சேர்ந்துகொண்டபின், வீட்டில் வைத்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. விண்ணப்பம் போட்டபோது, ‘அவருக்குப் பழகிய தெருவாக இருக்கட்டும்’ என்று சொன்னவர் மருத்துவச் சமூக சேவகர். எங்களுக்கு அது தோன்றவே இல்லை, அக்கா. அரசு மானியம் போக மீதியைக் கட்ட நாங்கள் திணறியபோது, மருத்துவச் செலவைக் கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவும் மெடிஃபண்டுக்கும் நன்கொடை நிதிக்கும் தாள்களைத் தயார் செய்து கொடுத்தவரும் நீங்கள்தான். ஒருமுறைகூட எங்களைக் கூச வைக்காமல் அதைச் செய்தீர்கள்.

மியன்மாரிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது! அம்மாவுக்கு ஆங்கிலம் முதலில் போய்விட்டது. தமிழும், பழைய ஆட்கள் பேசும் பசார் மலாய் என்ற சந்தை மலாயும்தான் மிச்சம். தம்பி ஒரு சின்ன நோட்டில் ‘வலிக்குதா’, ‘திரும்புங்க’, ‘தண்ணி வேணுமா’ என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் அதைத் தமிழில் சொல்லித்தான் கையை வைப்பார். அம்மாவுக்குக் கடைசிவரை படுக்கைப் புண் வரவில்லை. படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று தெரியும்.

விழுங்குவது கஷ்டமானதும் எல்லாவற்றையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரசம் இல்லாமல் அம்மா சாப்பிட மாட்டார். நான் கொண்டுவந்த ரசத்தைப் பேச்சு சிகிச்சையாளர் வாங்கி, கெட்டிப்பொடியை அளந்து போட்டுக் கலக்கி, முதல் கரண்டியைத் தானே ஊட்டிப் பார்த்தார். அப்புறம் எவ்வளவு பொடி என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். மிளகு ரசம் அந்தப் பதத்தில் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

பக்கத்துக் கட்டில் கான்டனீஸ் ஆயாவையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ‘சுடா மாக்கான்?’ (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் அம்மாவைக் கேட்பார். அம்மா ‘சுடா’ (ஆச்சு) என்பார். சாப்பிட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். ஆயாவின் மகள் கொண்டுவரும் ஆரஞ்சில் அம்மாவுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

2020 ஏப்ரலில் தாதிமை இல்லங்களுக்குள் யாரும் போகக்கூடாது என்றானபோது நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தீவு முழுவதும் இல்லங்களின் ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் ஹோட்டல்களிலும் இல்லத்திலுமே தங்கி வேலை பார்த்த காலம் அது. சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கள் அம்மாவோடு இருந்தீர்கள். முழுப் பாதுகாப்பு உடையில் வேர்த்து வடிய, போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நாங்கள் பேசி முடிக்கும்வரை நின்றீர்கள். அந்தக் கை நடுங்கியது எங்கள் திரையில் தெரிந்தது.

வாரக்கடைசியில் வந்து அம்மாவுக்குத் தமிழ் முரசு வாசித்துக் காட்டிய தொண்டூழியப் பிள்ளைகளுக்கும் நன்றி. மரண அறிவித்தல்களைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வாராம். நீங்களும் முகம் சுளிக்காமல் வாசித்தீர்களே.

அம்மாவின் சக்கர நாற்காலியை இல்லத்திலேயே விட்டுவிட்டோம், தேவைப்படுபவருக்குக் கொடுங்கள். இதைப் படிக்கும் தமிழர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் தீவின் இல்லங்களில் இருக்கிறார்கள். உங்களுக்கு நேரமும் தமிழும் இருந்தால், வீட்டுக்குப் பக்கத்து இல்லத்தில் தொண்டூழியர் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நன்றியுடன்,
மூன்று பிள்ளைகள் சார்பில் மூத்த மகள்