மே மாதம் கத்துகிறோம், ஆகஸ்டில் காணாமல் போகிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சஸில் வீடு வைத்திருக்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஏப்ரல் பிறந்தால் ஒரே பேச்சுதான். சொத்து வரிக்கான மதிப்பீட்டு நோட்டீஸ் வந்ததா, மதிப்பு அதிகம் என்று புரொடெஸ்ட் (ஆட்சேபம்) போட்டாச்சா, யார் மூலமாகப் போட்டால் குறையும். மே 15 கெடு தாண்டியதும் எல்லோரும் அடங்கிவிடுகிறோம். ஆனால் மதிப்பீடு பாதிக் கணக்குதான், மீதிப் பாதியான வரி விகிதத்தை, கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வகிக்கும் குழுவான கமிஷனர்ஸ் கோர்ட் பட்ஜெட்டோடு சேர்த்து முடிவு செய்வது கோடை முடிகிற சமயத்தில், பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். அந்தக் கூட்டங்களில் நம் ஆட்களைப் பார்ப்பது அபூர்வம்.

விகிதத்தைக் குறைத்திருக்கிறோம் என்று அங்கே சொல்வார்கள், பொய்யாகவும் இருக்காது. ஆனால் வீட்டு மதிப்பு ஏறிய வேகத்துக்கு விகிதம் குறையாவிட்டால் நாம் கட்டும் தொகை ஏறத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்க சட்டமே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: போன வருடம் இருந்த அதே சொத்துகளிலிருந்து அதே தொகையை வசூலிக்க எந்த விகிதம் போதும் என்று கணக்குப் போட்டு அறிவிக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் அது வரி உயர்வு, பேச்சில் என்ன சொன்னாலும். போன வருடத்தைவிட அதிகமாகச் சொத்து வரி வசூலிக்கும் பட்ஜெட் என்றால் எவ்வளவு அதிகம் என்பதை அதன் முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிட்டுக் கோபப்படலாமே! 2019 சட்டத்துக்குப் பிறகு பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் வருவாயைக் கூட்ட மக்களின் ஓட்டு வேண்டும், புதிதாகக் கட்டிய வீடுகள் அந்தக் கணக்கில் சேராது.

வெகுகாலமாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வரி போடும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது ஏற்றத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். வரி போடும் மதிப்பு 3 லட்சம் டாலராக இருந்த வீடு சந்தையில் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனால், அந்த வருடம் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வரி. அடுத்த வருடம் சந்தை விலை 4 லட்சமாக இறங்கினாலும் வரிக்கான மதிப்பு 3 லட்சத்து 63 ஆயிரமாக ஏறும். வீட்டு விலை விழுந்திருக்கு, வரி ஏன் ஏறுது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

65 வயதானவர்களுக்கு நிலைமை பரவாயில்லை. ஸ்கூல் வரி அதே தொகையில் உறைந்துவிடும், 2025 திருத்தங்களுக்குப் பிறகு ஸ்கூல் வரிக்கான வீட்டு மதிப்பில் 2 லட்சம் டாலர் வரை விலக்கும் உண்டு (அம்மா அப்பா நம்மோடு இருந்தால் மட்டும் போதாது, வீடு அவர்கள் பெயரிலும் இருக்க வேண்டும்). கவுண்டி வரி உறைவது அந்தந்த கவுண்டியின் விருப்பம். இதுவரை செய்யாத கவுண்டியில் பதிவு செய்த வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்திட்டால் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும், ஒருமுறை நிறைவேறிவிட்டால் பின்னால் வருபவர்களால் அதை ரத்து செய்ய முடியாது.

என் கவலை அதற்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி. தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்2கே (2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்யும்) வேலைக்கு வந்து, வீடு வாங்கி, கடனையும் அடைத்து முடித்தவர்களில் பலர் இன்று ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார்கள். இந்த வயதில் ஐடி வேலை போனால் அதே சம்பளத்தில் இன்னொன்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வரி கிட்டத்தட்ட வாடகை மாதிரி ஆகிவிட்டது, சொந்த வீட்டுக்கே. எத்தனை வருடம் குடியிருந்தோம், இப்போது வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கவுண்டி கொடுக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கும் (நாமே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான சலுகை) சதவீதக் கணக்கில் வருவதால் பெரிய வீட்டுக்காரருக்கே அதிக டாலர் மிச்சம், இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிலடெல்பியாவில் இதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். குறைந்தது 10 ஆண்டுகள் அதே வீட்டில் இருந்து, மதிப்பீடு தடாலென்று ஏறி, வருமானமும் வரம்புக்குள் இருந்தால் சலுகை உண்டு, வயது பார்ப்பதில்லை. டெக்சஸ் கவுண்டிகள் தாமாக இப்படிச் செய்ய முடியாது, மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்றம் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து மக்கள் ஓட்டுப் போட வேண்டும். பழைய ஆட்களுக்குக் குறைத்தால் நேற்று வீடு வாங்கிய இளம் குடும்பத்தின் தலையில் விழும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது, சிறைக்கும் ஷெரிஃபுக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். அதனால்தான் வருமான வரம்பு வேண்டும் என்கிறேன். மூன்று வாடகை வீடு வைத்திருக்கும் பழைய ஆளுக்கு எதற்குச் சலுகை?

அதுவரை கவுண்டியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்: முதியோர் வரி உறைவு, விகிதம், எந்தச் செலவு ஏன் கூடியது. கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தில் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கும் விஷயம் பற்றிப் பொதுமக்கள் யாரும் பேசலாம். ஓட்டு இல்லாத கிரீன் கார்டு, எச்1பி விசா ஆட்களும்தான், அவர்களும் இதே வரியைத்தானே கட்டுகிறார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. மே மாதம் புரொடெஸ்ட் பற்றி எழுதுவது போலவே ஜூலை கடைசியில் கவுண்டி பட்ஜெட் விசாரணைத் தேதிகளையும் உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சஸ்