ஸ்குவிட் பிராக்ஸி: கேஷ் ஆகவில்லையா, ஐபி குழப்பமா?

நண்பர்களே, "பிராக்ஸி ஓடுகிறது, ஆனால் எதுவும் கேஷ் ஆகவில்லை" என்ற கேள்வி அடிக்கடி வருவதால் இந்தக் குறிப்பு. ஸ்குவிட் என்பது பயனர்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள் (பிராக்ஸி). ஒருமுறை எடுத்ததைச் சேமித்து (கேஷ்) மறுமுறை அங்கிருந்தே தரும்.

முதலில் ஆக்சஸ் லாக்கை, அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் கோப்பைப் பாருங்கள். பெரும்பாலான வரிகளில் 'கனெக்ட்' என்று இருந்தால் அது எச்டிடிபிஎஸ். மறையாக்கம் செய்த அந்தப் போக்குவரத்துக்குள் ஸ்குவிட்டால் எட்டிப் பார்க்க முடியாது, சேமிக்கவும் முடியாது. இன்று பெரும்பாலான தளங்கள் அப்படித்தான். அதனால் ஹிட் (கேஷிலிருந்தே கிடைத்த பதில்) குறைவாக இருப்பது கோளாறே இல்லை. எஸ்எஸ்எல் பம்ப் (ஸ்குவிட்டே மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வசதி) போடலாமே என்றால், ஒவ்வொரு கருவியிலும் உங்கள் சான்றிதழை ஏற்ற வேண்டும். பயனருக்குச் சொல்லாமல் அதைச் செய்வது சரியில்லை.

மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியிலும் மிஸ்தானா (கேஷில் கிடைக்கவில்லையா)? அமைப்புக் கோப்பில், வட்டில் சேமிக்கும் இடத்தைச் சொல்லும் 'கேஷ் டிர்' வரியின் முன்னால் # இருந்தால் அந்த வரி செயல்படாது; வட்டில் எதுவும் சேராது, நினைவகத்தில் மட்டும்தான். பெரிய கோப்புகளுக்கு இயல்பான உச்சவரம்பு 4 எம்பி, அதையும் கூட்டுங்கள்.

அப்புறம் ஐபி. லாக்கில் 'டினைடு', 403 என்று வந்தால் ஏசிஎல்லை, அதாவது யாருக்கு அனுமதி என்று சொல்லும் விதிகளைப் பாருங்கள். 192.168.1.0/24 (192.168.1. என்று தொடங்கும் முகவரிகள்) என்று அனுமதித்துவிட்டு 192.168.2.15-இலிருந்து வந்தால் கதவு திறக்காது. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். எனவே எல்லோரையும் தடுக்கும் 'டினை ஆல்' வரிக்குக் கீழே எழுதிய அனுமதிக்குப் பயனில்லை. எல்லாப் பயனர்களும் ஒரே ஐபியாகத் தெரிந்தால், நடுவில் நாட் (பல கருவிகளை ஒரே ஐபியாகக் காட்டும் முகவரி மாற்றம்) அல்லது இன்னொரு பிராக்ஸி இருக்கும்.

மாற்றியபின் 'ஸ்குவிட் -கே பார்ஸ்' ஓட்டிப் பிழை பாருங்கள், பிறகு மாற்றங்களை ஏற்ற 'ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்'. உதவி கேட்கும்போது லாக் வரிகளையும் போடுங்கள், கடவுச்சொல்லை மறைத்துவிட்டு.